கப்பலைப் பார்க்காத கட்டாஃப் சார்

ஆண்டவருக்கே கெடு வைத்து ஜெபம் பண்ணிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவர் எங்கள் கட்டாஃப் சார். ஆம்பூர் சர்ச்சில் நாங்களெல்லாம் "உமக்குச் சித்தமானால்" என்று பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருப்போம். இவர் மட்டும், "வியாழக்கெழம சாயந்தரம் நாலு மணிக்குள்ள முடிச்சிக் குடுத்துடும் ஆண்டவரே, அதுக்கு மேல ஆனா பிரயோஜனம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். ஆண்டவரும் பயந்துகொண்டு முடித்துக் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். சர்வீஸ் முழுக்க சார் ஒரு கப்பலைக்கூடத் தவறவிட்டதில்லை.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். சார் எங்கள் ஷூ ஃபாக்டரியில் ஷிப்பிங் கிளார்க். நான் அதே அறையில் டைப்பிஸ்ட். ஷூவெல்லாம் கன்டெய்னரில் ஏறிச் சென்னைத் துறைமுகம் போகும். அங்கே ஒவ்வொரு கப்பலுக்கும், இத்தனை மணிக்குள் சரக்கு உள்ளே வந்தாக வேண்டும் என்று ஒரு கடைசி நேரம் உண்டு. அதற்குப் பெயர்தான் கட்-ஆஃப். ஒரு நிமிஷம் தாண்டினாலும் கேட்டைச் சாத்திவிடுவான். எங்கள் பக்கம் கடல் கிடையாது. பாலாறு இருக்கிறது, அதில் தண்ணீர் வந்தால் ஜனங்கள் பாலத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். ஆனாலும் ஊரில் பாதிப் பேர் சாப்பிடுவதும் தூங்குவதும் கப்பல் நேரத்துக்குத்தான். சார் ஒரு படி மேலே போய், தன் சொந்த வாழ்க்கைக்கே கட்-ஆஃப் வைத்துக்கொண்டார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவர் சம்சாரத்துக்கே யோசித்தால்தான் வரும்.

அந்தச் சம்சாரம் சொன்ன கதை இது. கல்யாணம் பத்து மணிக்கு. பெண் வீட்டார் வேன் நாட்றம்பள்ளியில் பஞ்சராகி நின்றுவிட்டது. மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாகப் பாதிரியாரிடம் போய், பத்தரை மணி கட்-ஆஃப், அதற்கு மேல் வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். பாதிரியாரே வாசலில் நின்று வேன் வருகிறதா என்று பார்த்தாராம். பெண் பத்து இருபத்தெட்டுக்கு இறங்கி, முக்காட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததாம். "அந்த ரெண்டு நிமிசம் மட்டும் லேட்டாயிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று அந்த அம்மா இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கட்-ஆஃபுக்கு அடுத்து அவருக்கு உயிர், டாக்ஸ். ஏற்றுமதிப் பேப்பர் கட்டுக்கு எங்கள் ஆபீஸில் டாக்ஸ் என்று பெயர், டாக்குமென்ட்ஸ் என்பதன் சுருக்கம். மகள் ஜாஸ்மின் பிறந்தபோது, ஆஸ்பத்திரியில் குழந்தை கையில் கட்டியிருந்த அட்டையையும் கேஸ் ஷீட்டையும் வைத்துக்கொண்டு மூன்று தடவை சரிபார்த்தார். நர்ஸம்மா, "குழந்தைய கையில வாங்குங்க சார்" என்றால், "இருங்க, டாக்ஸ் மேட்ச் ஆவட்டும்" என்றாராம். அவர் டிபன் பாக்ஸில், ஏற்றுமதிப் பெட்டியில் போடுகிற மாதிரியே, மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும், 'இந்தப் பக்கம் மேலே' என்ற எழுத்தும் இருக்கும். பக்கத்தில் ஒரு குடைப் படம், நனையக்கூடாதாம். உள்ளே இருப்பதோ ரசம் சாதம்.

இதெல்லாம் சிரிக்கத்தான். ஆனால் ஏலகிரி விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வராது. ஆபீஸ் முழுக்க ஏலகிரிக்கு டூர் போனோம். திரும்பும் பஸ்ஸுக்கு சார் ஐந்து மணி கட்-ஆஃப் வைத்தார். நான் பலாச்சுளை வாங்கிக்கொண்டு இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தேன். பஸ் முதல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது, ஜன்னலோரம் சார் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பலாப்பழ லாரியில், பழத்தோடு பழமாக, பதினாலு கொண்டை ஊசி வளைவும் உருண்டு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஆபீஸில் கேட்டேன், மனுஷன் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லை.

"கப்பல் யாருக்காவும் நிக்காது ஸ்டெல்லாம்மா" என்றார், அவ்வளவுதான்.

அது கப்பலா, பஸ்ஸா என்று நான் கத்தினேன். ஒரு மாதம் அவர் லெட்டரையெல்லாம் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக டைப் அடித்துக் கொடுத்தேன். அந்தக் கோபத்தை அதற்குப் பிறகும் நான் விடவில்லை. கிறிஸ்மஸ் கேக் கொடுக்கும்போதுகூடப் பலாப்பழத்தை ஞாபகப்படுத்தித்தான் கொடுப்பேன்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தது மீரான் பாய், எங்கள் கன்டெய்னர் லாரி டிரைவர். ஒரு தடவை வாலாஜாபேட்டை தாண்டி லாரி டயர் வெடித்துவிட்டது. சார் டாக்ஸ் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பஞ்சர் கடைக்காரரை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துப் பறந்து போனார். டயரை மாற்றி, அதோடு நிற்காமல் லாரிக்கு முன்னால் ஆரன் அடித்துக்கொண்டே துறைமுக கேட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே பாய், "சார், அதோ நிக்குது பாரு உன் கப்பலு, தலைய தூக்கு" என்றிருக்கிறார். சார் தலையைத் தூக்கவில்லை. "இரு பாய், சீல் நம்பர்ல ஒரு ஏழு ஒண்ணு மாதிரி கீது" என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏழு ஏழுதான் என்று முடிவாகி, முத்திரை வாங்கி, மறுநாள் கட்-ஆஃபுக்கு நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். துறைமுகத்துக்கு அவர் போனதே அந்த ஒரு தடவைதான். ஆக, ஆயுசு முழுக்கக் கப்பல் அனுப்பின மனுஷன் ஒரு கப்பலைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ரிட்டையர்மென்ட் விழாவில் பாய் மைக்கைப் பிடித்து இதைப் போட்டு உடைத்தார். "பொண்ணு மூஞ்சிய பாக்காமயே முப்பது வருசம் குடும்பம் நட்த்தினவரு எங்க சாரு" என்றார். மொத்த ஃபாக்டரியும் மேஜையைத் தட்டிச் சிரித்தது. மாலையும் கழுத்துமாக நின்ற சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு நாள் கப்பலோடு நின்று போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அன்றைக்கு உன் வாய் மூட வேண்டும் என்று சபையிலேயே சொன்னார். அனுப்பினால் ஒரு தேக்சா, அதாவது ஒரு அண்டா நிறைய, பிரியாணி போடுகிறேன் என்றார் பாய். அன்று முதல் சாருக்கு ஊரில் இரண்டு விஷயம்தான் மானப் பிரச்சினை. ஒன்று, ஒரு கப்பலையும் விட்டதில்லை என்ற பெருமை. இன்னொன்று, ஒரு கப்பலையும் பார்த்ததில்லை என்ற சிறுமை.

இந்த வருஷம் என் மகள் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரரும் சிட்னி போனோம். அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, ஜாஸ்மின் நர்ஸாக இருக்கிறாள். அவளைப் பார்க்க சாரும் வந்திருந்தார். சம்சாரம் கூட வரவில்லை. "அவரு போனா அதான் எனக்கு லீவு" என்று சொல்லிவிட்டாராம்.

அந்த ஊரில் கடலைப் பார்க்காமல் தெருவைக் கடக்க முடியாது. பார்க்கிற பக்கமெல்லாம் கப்பல். ஆனால் சார் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. மாடி மாடியாக ஒரு உல்லாசக் கப்பல் நின்றது. ஜாஸ்மின் ஆசையாகப் போட்டோ எடுக்கப் போனாள். "இது லாட்ஜும்மா, தண்ணியில கட்டி வெச்சிருக்கான்" என்று தள்ளிவிட்டார். பாய்மரப் படகெல்லாம் பொம்மை. ஊருக்குள் ஆள் ஏற்றி இறக்கும் ஃபெரி வெறும் டவுன் பஸ். கப்பல் என்றால் சரக்கு ஏற வேண்டும், டாக்ஸ் இருக்க வேண்டும், இது அவர் சட்டம். சரக்குக் கப்பலெல்லாம் வேறு துறைமுகத்துக்குப் போகிறது, அங்கே நம்மை விடமாட்டார்கள் என்று மகள் சொன்னதும் மனுஷன் வாடிப்போய்விட்டார். ஊருக்குத் திரும்ப இன்னும் நான்கே நாள் இருந்தது. பாய் தினமும் வாட்ஸ்அப்பில் காலிப் பிரியாணி தேக்சா படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஜாஸ்மின், துறைமுகத்துக்கு உள்ளேயே ஒரு தீவு இருக்கிறது, பழைய நேவி டாக்யார்டு, இப்போது டூரிஸ்ட் இடமாக்கிவிட்டார்கள் என்று சொன்னாள். டாக்யார்டு என்ற சொல் காதில் விழுந்ததும் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஜாஸ்மினுக்கு நைட் டூட்டி முடிந்து தூக்கம். சாரைத் தனியாக விட அவளுக்குப் பயம். "ஆன்ட்டி, நீங்க கூட போங்க ப்ளீஸ்" என்று என்னைக் கோர்த்துவிட்டாள். படகுத்துறைக்குப் போய்ப் பார்த்தால், சார் முழுக்கைச் சட்டை, டை, பளபளவென்று ஷூ, தோளில் டிபன் பை, ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஃபைல். டூருக்கு எதற்கு ஃபைல் என்று கேட்டேன்.

"நான் மொதமொதல்ல போட்ட ஷிப்பிங் பில் ஜெராக்ஸ். டாக்யார்டுன்னா எல்லா டாக்ஸும் அங்கதான வந்து சேரும்? நம்ம டாக்ஸ் எப்பிடி கீதுன்னு அவங்களும் பாக்கட்டும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக டாக்யார்டு என்றால் டாக்குமென்ட் யார்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பெரிய கொட்டகை, உள்ளே உலகத்துக் கப்பலுக்கெல்லாம் பேப்பர், வெள்ளை யூனிஃபார்மில் ஆபீஸர்கள். நான் திருத்தலாமா என்று யோசித்தேன். பலாப்பழ லாரி ஞாபகத்துக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

தீவில் இறங்கியதும் தொப்பி போட்ட ஒரு வழிகாட்டியம்மா நின்றிருந்தார். சாருக்கு ஆங்கிலம் லெட்டர் ஆங்கிலம்தான். "மேடம், டாக்ஸ், கைண்ட்லி அட்வைஸ்" என்றார். அந்த அம்மா சிரித்தபடி, டாக்ஸ் இங்கே இரண்டு இருக்கிறது, நேரே போங்கள் என்று கை காட்டினார்.

"ரெண்டு செக்சனாம்" என்றார் சார் என்னிடம், மெதுவாக. "இம்போர்ட் ஒண்ணு, எக்ஸ்போர்ட் ஒண்ணு."

டையை இறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தகரக் கொட்டகைகள், துருப்பிடித்த கிரேன்கள் எல்லாவற்றையும் தாண்டிப் போய் நின்றால், எதிரே ஒரு பள்ளம். கல் வைத்துப் படிப்படியாகக் கட்டிய, தெரு நீளத்துக்கு ஒரு பள்ளம். அடியில் கொஞ்சம் தண்ணீர். சார் எட்டிப் பார்த்தார்.

"எம்மாம் பெரிய சுண்ணாம்புத் தொட்டி" என்றார். எங்கள் ஊர்க்காரருக்குப் பள்ளத்தைப் பார்த்தால் தோல் ஊறவைக்கத்தான் தோன்றும்.

நான் அங்கிருந்த பலகையைப் படித்துச் சொன்னேன். கப்பலை இந்தப் பள்ளத்துக்குள் விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தைப் பழுது பார்ப்பார்களாம். இதற்குப் பெயர்தான் டாக். இது இருக்கிற இடம் டாக்யார்டு. சார் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அப்ப கப்பல் எங்க?"

"மூடி வருசக்கணக்காவுது சார். எல்லாம் போய்ட்ச்சு."

"டாக்யார்டுன்னு பேர வெச்சிக்கினு டாக்ஸும் இல்ல, கப்பலும் இல்ல. இது இன்னாம்மா யார்டு?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். கிரேன் பக்கத்தில் நில்லுங்கள், தூரத்தில் அந்த லாட்ஜ் கப்பல் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பிவிடலாம், பாய்க்கு எங்கே தெரியப்போகிறது என்றேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. பாய் வாராவாரம் நிஜக் கப்பலைப் பார்த்தவன், அவனை ஏமாற்றினால் எல்லாவற்றையும் விடக் கேவலம் என்றார். பிறகு அவரே அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்து வந்தார், எங்காவது ஓரத்தில் ஒன்று மறந்துபோய் நிற்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி.

பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். அந்தத் தீவுக்கு இப்போது முதலாளிகள் கடற்பறவைகள்தான். வெள்ளையாக, பார்க்கச் சாதுவாக, பக்கா ரவுடிகள். சார் டையைத் தளர்த்திய நேரம் பார்த்து ஒன்று இறங்கி, அவர் டிபன் பாக்ஸ் மூடியை மூக்கால் நெம்பி, அவித்த முட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த அம்புக்குறியை மதித்துச் சரியாக மேல்பக்கமாகத் திறந்தது அந்தப் பறவை ஒன்றுதான். சாரே அதைக் கவனித்து, பரவாயில்லை என்றார்.

நாலு மணி ஃபெரியில் வந்துவிடச் சொல்லியிருந்தாள் ஜாஸ்மின். சார் வழக்கம்போல மூன்றே முக்கால் கட்-ஆஃப் என்று அறிவித்துவிட்டார். கப்பல் பார்க்காத துக்கத்திலும் கட்-ஆஃபை விடவில்லை. அவர் துறைக்கு இறங்கினார். நான் மேட்டில் இருந்த கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனேன்.

வெளியே வந்து பார்த்தால், நான் போன வழியில் ஒரு பறவை நிற்கிறது. பக்கத்துப் புல்லில் அதன் குஞ்சுகள் இரண்டு. போகும்போது அது இரை தேடப் போயிருந்தது போல. ஒரு அடி எடுத்து வைத்தேன், நேராக என் கொண்டையைப் பார்த்துப் பாய்ந்தது. உள்ளே ஓடினேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன், பாய்ந்தது. கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தேன், துணைக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்து பாய்ந்தது. போனில் சார்ஜ் இல்லை. கழிவறை வாசலில் நின்றபடி துறையைப் பார்த்தேன். ஃபெரி வந்து நின்றுவிட்டது, வரிசை ஏறத் தொடங்கியது. வரிசையில் முதல் ஆளாக டை கட்டிய ஒருத்தர் உள்ளே போனார். சரி, ஏலகிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே பலாப்பழ லாரியும் வராது.

கீழே நடந்ததைச் சார் பிறகு சொன்னார். உள்ளே போய் ஜன்னலோர சீட்டில் எனக்காகக் குடையை வைத்து இடம் பிடித்திருக்கிறார். வாட்சைப் பார்த்திருக்கிறார். நான் வரவில்லை. கயிறு அவிழ்க்கிற ஆளிடம் போய், ஒரு லேடி வர வேண்டும், கைண்ட்லி வெயிட் என்றாராம். அந்த ஆள் மரியாதையாகத்தான் சொன்னானாம், மன்னிக்கணும், யாருக்காகவும் நிறுத்த முடியாது என்று. சார் தன் ஆயுசு முழுக்க மற்றவர்களுக்குச் சொன்ன பதில் அது.

நான் மேலிருந்து பார்க்கிறேன், எல்லோரும் ஏறிவிட்ட ஃபெரியிலிருந்து ஒரே ஒரு ஆள் மட்டும் இறங்குகிறார். கையில் குடை, அக்குளில் ஃபைல், டை தோளுக்குப் பின்னால் பறக்க, மேட்டை நோக்கி ஓடி வருகிறார். கட்டாஃப் சார் ஓடி நான் பார்த்திருக்கிறேன், கப்பலை நோக்கித்தான் பார்த்திருக்கிறேன்.

"இன்னாம்மா பண்றீங்க உள்ள?"

"வுட மாட்டேங்குது சார்" என்று பறவையைக் காட்டினேன்.

சார் குடையைப் படக்கென்று விரித்தார். பறவை அவர் மேல் பாய்ந்தது, குடையில் முட்டிக்கொண்டு திரும்பியது. மறுபடி பாய்ந்ததற்கு ஃபைலைக் காட்டினார். அவருடைய முதல் ஷிப்பிங் பில் மேல் அது தன் முத்திரையைப் பதித்துவிட்டுப் போனது. குடைக்குள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு, பறவைக்கு முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து மேட்டை விட்டு இறங்கினோம்.

துறைக்கு வந்தபோது ஃபெரி பத்தடி தள்ளிப் போய்விட்டிருந்தது. சார் கரையில், விரித்த குடையோடு அப்படியே நின்றார். அடுத்தது நாற்பது நிமிஷத்தில் வரும், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்தது நாற்பது நிமிஷக் கவலை இல்லை. எனக்குத் தெரியும்.

"அது பஸ்ஸு சார்" என்றேன். "நீங்கதான சொன்னீங்க. பஸ்ஸ வுட்டா கணக்கில்ல. உங்க பேரு அப்பிடியேதான் கீது."

சார் போகிற ஃபெரியைப் பார்த்தபடியே குடையை மடக்கினார். "இல்லம்மா" என்றார். "டைம் போட்டிருந்தான். ஆள் ஏத்துனான். கயிறு அவுத்தான். நான் கேட்டும் நமக்காவ நிக்கல. கப்பலுதான்."

அந்த நேரம் பார்த்து பாயிடமிருந்து வீடியோ கால். கப்பல் கிடைத்ததா என்று கேட்டார். சார் போனைத் திருப்பிக் கடலைக் காட்டினார். "அதோ போவுது பாரு. வுட்டுட்டேன் பாய்."

பாய் சிரிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். பாய் சிரிக்கவில்லை.

"நீயா வுட்ட?" என்றார்.

"ஸ்டெல்லாம்மா ஏறல."

பிறகு பாய், "சரி தோஸ்த், வா. தேக்சா பிரியாணி நான் போட்றேன்" என்றார்.

அடுத்த ஃபெரி வந்தது. எப்போதும் முதல் ஆளாக ஏறுகிற மனுஷன் பலகை பக்கத்தில் ஒதுங்கி நின்று, நீங்கள் ஏறுங்கள் என்று எனக்குக் கை காட்டினார். நான் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கால் வைத்தார். இந்தக் கிறிஸ்மஸுக்குக் கேக் கொடுக்கும்போது பலாப்பழத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை.